ஓராண்டு சும்மா இருக்கப் போகிறீர்களா? முதலில் இந்தக் காகிதங்களை எடுத்து வையுங்கள்

2024 செப்டம்பர் 30 அன்று மாலை, சென்னை ஓஎம்ஆர் அலுவலகத்தில் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். மறுநாள் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறித் தென்காசிக்கு வந்துவிட்டேன். பதினாலு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, இரண்டு கம்பெனி. கையில் ஒரு வருஷத்துக்கான பணம் இருந்தது. அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது என்பதுதான் முழுத் திட்டமும்.

முதல் நாலு மாதம் நான் சும்மா இருக்கவே இல்லை. பி.எஃப் பெயர்த் திருத்தத்துக்கு மெயில், பழைய கம்பெனி ஹெச்ஆருக்கு மெயில், வங்கிக்குப் புகார், இன்சூரன்ஸ் ஏஜெண்டோடு மல்லுக்கட்டு. வேலையில் இருந்தபோதுகூட நான் இவ்வளவு மெயில் எழுதியதில்லை. இத்தனையும் வேலையை விடுவதற்கு முன்பே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே முடித்திருக்க வேண்டிய வேலைகள். அதைச் சொல்ல அப்போது யாரும் இல்லாததால் இப்போது நான் சொல்கிறேன்.

மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக எழுதுவது இது. வீட்டுக்கடன், பெர்சனல் லோன் என்று தவணை ஓடிக்கொண்டிருந்தால் இப்போதைக்கு வேண்டாம். கடனை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

1. முதலில் பத்து நாள் ஒத்திகை

பத்து நாள் லீவு போடுங்கள். மூணாறுக்கோ கோவாவுக்கோ போகக் கூடாது. வீட்டிலேயே இருங்கள். ஊர் சுற்றுவது வேறு, சும்மா இருப்பது வேறு. ஊர் சுற்றும்போது டிக்கெட், ஓட்டல், எங்கே சாப்பிடுவது என்று மூளைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

பத்தில் நாலாவது நாளை மட்டும் கவனியுங்கள். எனக்கு அன்று மத்தியானம் பரணிலிருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கழுவத் தோன்றியது. கழுவியும் விட்டேன். அந்தக் கை அரிப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒத்திகை. இதைச் செய்ய வேண்டிய காலம், வேலையை விடுவதற்கு ஆறு மாதம் முன்பு.

2. பணக் கணக்கு: மொய்யைச் சேர்த்துப் போடுங்கள்

சென்னையில் என் மாதச் செலவு 48,000 ரூபாய். தென்காசியில் அம்மாவின் சொந்த வீடு, வாடகை கிடையாது. அதனால் 15,000 போதும் என்று நினைத்திருந்தேன். நடந்தது இது: மளிகை, காய், பால் 9,500. சிலிண்டரும் கரண்டும் 1,500. போன், நெட் 1,200. அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரை 1,800. ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் 1,000. சென்னை போய்வர மாதத்துக்குச் சராசரியாக 1,500. சில்லறைச் செலவு 3,000. அப்புறம் மொய், கோயில், விசேஷம் 2,500. மொத்தம் 22,000.

அந்த மொய்யை யாரும் கணக்கில் போடுவதில்லை. சென்னையில் இருந்தவரை பத்திரிகை வாட்ஸ்அப்பில் வரும், வாழ்த்துச் சொன்னால் முடிந்தது. ஊருக்கு வந்துவிட்டால் அப்படி நழுவ முடியாது. ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம். 500 வைத்தால் முகம் சுளிப்பார்கள், 1,000 வைத்தால் எனக்கு முகம் சுளிக்கும்.

ஆக வருஷத்துக்கு 2,64,000. இரண்டு பேருக்கான மருத்துவக் காப்பீடு 38,000. அவசரத்துக்கு ஒன்றரை லட்சம். திரும்பி வேலை தேடும்போது சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க மூன்று மாதச் செலவு, 66,000. கூட்டினால் 5,18,000. என்னிடம் ஆறு லட்சம் இருந்தது. அதை மூன்று எஃப்டியாகப் பிரித்து, நாலு மாதத்துக்கு ஒன்று முதிர்வதுபோலப் போட்டேன். இந்த ஒரு காரியத்தை மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்தேன். சேமிப்புக் கணக்கில் ஆறு லட்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் செலவு செய்ய ஆயிரம் காரணம் தோன்றும்.

வாடகைக்குப் போகிறவர்கள் அட்வான்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். சின்ன ஊர்களில் அதற்கு மேல் கேட்டால் சட்டம் பேசுவதைவிட, சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். காரியம் நடக்கும்.

3. ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் காப்பீடு

நான் விழுந்த பெரிய பள்ளம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பெனி கொடுத்த குரூப் பாலிசியில் நானும் அம்மாவும் இருந்தோம். வேலையை விட்டாலும் அந்த வருஷப் பாலிசி முடியும்வரை இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இருக்காது. கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். எனக்கு அது தெரிந்தது அக்டோபர் இரண்டாவது வாரம். நவம்பரில் அம்மாவுக்குக் கண்புரை என்றார்கள். டிசம்பரில் திருநெல்வேலியில் ஆபரேஷன். லென்ஸ், சொட்டு மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய் என் கையிலிருந்து போனது. மூன்று மாதம் முன்பு செய்திருந்தால் கம்பெனி பாலிசியிலேயே முடிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. புதிதாக எடுக்கும் பாலிசியில், விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. கண்புரை, மூட்டு மாற்று போன்ற சிலவற்றுக்குத் தனிக் காத்திருப்பு உண்டு, பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருஷம். ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம் (2024 ஏப்ரலுக்கு முன்னால் அது 48 மாதம்). ஆகவே வேலையை விட்ட பிறகு பாலிசி எடுப்பது, மழை வந்த பிறகு ஓடு மாற்றுவது மாதிரி.

செய்ய வேண்டியது இப்படி. ஆறு மாதம் முன்பே உங்களுக்கும் பெற்றோருக்கும் சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். காத்திருப்புக் காலம் அப்போதே ஓடத் தொடங்கிவிடும். இல்லையென்றால், குரூப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். குரூப்பில் இருந்த வருஷங்களைக் காத்திருப்பில் கழிக்க வாய்ப்பு உண்டு. 45 நாள் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் கேட்டால் "பார்க்கிறோம் மேடம்" என்பார்கள். அதோடு சரி.

விண்ணப்பத்தில் அம்மாவின் சுகரை மறைக்கச் சொல்லும் ஏஜெண்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணம் கேட்கிற நாளில் அவர் போன் எடுக்க மாட்டார். பாலிசி கையில் வந்து 30 நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நான் 18 சதவீதம் கட்டினேன், நீங்கள் தப்பித்தீர்கள்.

பல் டாக்டரிடம் காட்டுவது, கண்ணாடி மாற்றுவது, முழு உடல் பரிசோதனை எல்லாவற்றையும் நோட்டீஸ் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

4. எந்த மாதம் விடுவது, எதையெல்லாம் வாங்கிக்கொள்வது

ஐடி கம்பெனிகளில் பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸ். ஜூலை 2ஆம் தேதி கடிதம் கொடுத்தேன், செப்டம்பர் 30 கடைசி நாள். கடிதத்தில் காரணம் எழுதாதீர்கள். "சொந்தக் காரணம்" போதும். சும்மா இருக்கப் போகிறேன் என்று மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நான் போட்டிக் கம்பெனிக்குப் போகிறேன் என்றே கடைசிவரை நம்பினார். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று இரண்டு தடவை பேசினார்.

செப்டம்பரில் விட்டதில் ஒரு லாபம் உண்டு, நான் திட்டமிட்டதில்லை. மாதம் 1,10,000 என்று முழு வருஷத்துக்கும் கணக்குப் போட்டு வரி பிடித்திருந்தார்கள். ஆனால் அந்த நிதியாண்டில் எனக்கு வந்தது ஆறு மாதச் சம்பளம், 6,60,000 மட்டும். நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போனால் 5,85,000. அப்போது புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வரி இல்லை. பிடித்ததெல்லாம் நாற்பதாயிரத்துச் சொச்சம், கணக்குத் தாக்கல் செய்ததும் திரும்பி வந்தது. 2025-26 நிதியாண்டிலிருந்து அந்த வரம்பு 12 லட்சம். சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவோடு 12,75,000. எனவே நிதியாண்டின் நடுவில் விட்டால் பலருக்கு வரியே வராது. கட்டியதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும், வேலை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

ஐந்து வருஷம் முடிய ஒன்றிரண்டு மாதம் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. நான் விட்டபோது கணக்கு இது: கடைசி அடிப்படைச் சம்பளம் (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் வேலை பார்த்த வருஷம். என் அடிப்படைச் சம்பளம் 45,000, அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷம், வந்தது 2,33,653. பத்து மாதச் செலவு அது.

கடைசி நாளுக்கு முன்பே உங்கள் சொந்த மெயிலுக்கு வந்திருக்க வேண்டியவை: எல்லா வருஷத்து சம்பள ஸ்லிப், பழைய படிவம் 16 எல்லாம், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், பி.எஃப் உறுப்பினர் எண், குரூப் காப்பீட்டுச் சான்று. ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் கணக்கு முடிந்த பிறகுதான் தருவார்கள், எனக்கு 45 நாள் ஆனது. கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு உள் தளத்துக்கான கடவுச்சொல் செத்துவிடும். அதற்கப்புறம் ஒரு சம்பள ஸ்லிப்புக்கு மூன்று பேருக்கு மெயில் போட வேண்டும். எனக்கு 2019 மார்ச் ஸ்லிப் இன்றுவரை வரவில்லை.

5. பி.எஃப்: இனிஷியல்தான் எமன்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் கம்பெனி பி.எஃப் கணக்கில் இனிஷியலே இல்லை. மூன்று இடத்தில் மூன்று பெண்கள். ஒருத்தியின் பணத்தை இன்னொருத்திக்குத் தர முடியாது என்று கணினி சொல்கிறது, அது சொல்வதும் நியாயம்தான்.

வேலையில் இருக்கும்போதே யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப் எண்) தளத்தில் போய் நான்கு விஷயம் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி. ஆதாரில் உள்ளதுபோல எல்லாம் இருக்க வேண்டும். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு வாங்கிய, ஆதார் சரிபார்த்த யுஏஎன் என்றால் பெரும்பாலான திருத்தத்தை நீங்களே ஆன்லைனில் செய்யலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். விட்டுப் போனவளுக்கு ஒப்புதல் தர எந்த ஹெச்ஆருக்கு அவசரம்? எனக்கு அக்டோபரில் தொடங்கியது ஜனவரியில் முடிந்தது.

பழைய கம்பெனியின் கணக்கைப் புதியதோடு இணைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இணைத்தால்தான் மொத்த சர்வீஸ் ஐந்து வருஷம் தாண்டியது என்று கணக்காகும். ஐந்து வருஷம் ஆகாமல் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

எடுப்பதா வேண்டாமா? என் கருத்து, தொடாதீர்கள். நான் விட்டபோது, இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் முழுத்தொகையும் எடுக்கலாம் என்பது விதி. 2025 அக்டோபரில் பி.எஃப் பணத்தை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் மத்திய அறங்காவலர் குழு, 25 சதவீதம் கணக்கிலேயே இருக்க வேண்டும், முழுத்தொகைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. பழைய யூடியூப் வீடியோக்களை நம்பாமல் விண்ணப்பிக்கிற அன்று தளத்தில் இருப்பதைப் பாருங்கள். எடுக்காமல் விட்டாலும் வட்டி ஏறும், 2024-25க்கு 8.25 சதவீதம். வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு வருஷச் சும்மாவுக்கு அறுபது வயதுச் சும்மாவின் பணத்தை எடுத்தால், பின்னால் திண்டாடுவது நீங்கள்தான்.

6. வங்கியும் போன் நம்பரும்

சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம். இரண்டு மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும், அபராதம் வரத் தொடங்கும். எனக்கு ஜனவரியில் 590 ரூபாய் போன பிறகுதான் தெரிந்தது. வேலையில் இருக்கும்போதே இருப்பு தேவைப்படாத ஒரு கணக்கைத் திறந்து, மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைகளை அங்கே மாற்றிவிடுங்கள். கிரெடிட் கார்டு வேண்டுமானால் அதையும் அப்போதே வாங்குங்கள், சம்பள ஸ்லிப் இல்லாதவருக்கு லேசில் தர மாட்டார்கள்.

கம்பெனி கொடுத்த சிம் வைத்திருக்கிறீர்களா? ஆதார், வங்கி, யுஏஎன் எதிலாவது அந்த நம்பர் இருந்தால் இன்றே மாற்றுங்கள். ஓடிபி வராதவன் பாடு நாய் படாத பாடு.

எஃப்டி வட்டிக்கு டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்காமலிருக்க, வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கும் நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் படிவம் கொடுங்கள். நான் கொடுத்தது 15ஜி. பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் வருஷத்துக்கு 500 ரூபாயாவது போட்டுவிடுங்கள்.

ஆதார் முகவரியை மாற்ற வேண்டுமா? ஒரு வருஷத்துக்கு என்றால் வேண்டாம். நான் மையத்துக்குப் போய் 50 ரூபாய் கட்டி மாற்றினேன் (2025 அக்டோபரிலிருந்து 75). அதற்கப்புறம் சென்னையில் எங்கே போனாலும் "தென்காசியா?" என்று ஒரு கேள்வி கூடியது, அவ்வளவுதான் பயன்.

7. முதல் மூன்று மாதம் எதையும் தொடங்காதீர்கள்

காகிதம் முடிந்தது. இனிமேல்தான் சும்மா இருக்க வேண்டும்.

முதல் வாரம் தூங்குவீர்கள். இரண்டாவது வாரம் காலை 9.25க்கு நெஞ்சு படபடக்கும். வேலையில் தினமும் ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருந்தது அல்லவா, அது உடம்புக்குள் இன்னும் இருக்கிறது. மூன்றாவது வாரம்தான் ஆபத்து. "இவ்வளவு நேரம் இருக்கிறதே, உருப்படியாக ஏதாவது செய்யலாமே" என்று ஒரு யோசனை வரும். எனக்கு வந்தது மாடித்தோட்டமாக. பதினாலு குரோ பேக், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம், நிழல்வலை, மொத்தம் 6,200 ரூபாய். கூடவே ஆன்லைனில் இந்தி வகுப்பு. ஒரு வாரத்தில் எனக்கு மறுபடி அட்டவணை வந்துவிட்டது, எக்செல் ஷீட்டில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, இதுக்கு நீ ஆபீசுக்கே போயிருக்கலாமே" என்றாள்.

தெரிந்தவர் ஒருவர் இதைவிடப் பெரிதாகப் போனார். வேலையை விட்ட இரண்டாவது மாதமே இரண்டு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம். விவசாயம் ஓய்வில்லை ஐயா. ஐப்பசியில் பிசான நெல் நடவுக்கு ஆள் தேடி அலைகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.

எனவே விதி: 90 நாள் வரை புதிதாக எதற்கும் பணம் கட்டக் கூடாது. வகுப்பு, கருவி, செடி, நாய்க்குட்டி, சேனல், எதுவும். 91ஆம் நாளும் ஆசை இருந்தால் செய்யுங்கள். குரோ பேக்குகளில் பத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் நாலில் ஒன்றில் தானாக முளைத்த குப்பைமேனி இருக்கிறது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் பகலில் என்னதான் செய்வது? காலையில் போனை அலமாரி மேல் தட்டில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவேன். பால்காரர் போவார், பள்ளிக்கூட வேன் போகும், கீரைக்கார அக்கா கூடையை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். பத்தரைக்கு எதிர்வீட்டு ஓட்டு நிழல் வாய்க்கால் விளிம்பைத் தொடும். இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று முதலில் நோட்டு வாங்கினேன். அதையும் உள்ளே வைத்துவிட்டேன். சாயங்காலம் பெரிய கோயில் கோபுர வாசல் வரை நடை. அங்கே அடிக்கிற காற்றைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன்.

8. "சும்மாதான இருக்க"

சின்ன ஊரில் சும்மா இருக்கும் பெண், ஊருக்கே பொது ஊழியர். வந்த மூன்றாவது வாரம் சித்தி பேத்திக்கு ஆதாரில் பெயர் திருத்தம். நவம்பரில் மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா, தெருவிலிருக்கும் நாலு தாத்தாக்களின் முகத்தைப் போனில் பிடித்து ஏற்றியவள் நான். மாமா பையன் கல்யாணத்துக்கு 180 பத்திரிகை வைக்கக் கார் ஓட்டினேன். ஒவ்வொருவரும் தொடங்கும் வாக்கியம் ஒன்றுதான்: "நீ சும்மாதான இருக்க, இந்த ஒரு வேலையப் பாத்துக் குடுத்துரு."

சும்மா இருக்கிறேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. "ஏதும் பிரச்சனையா? ஆள் குறைப்பா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். கல்யாணம் ஆகாதவள் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். மேல்படிப்புக்குப் படிக்கிறேன் என்று பொய் சொல்லிப் பார்த்தேன், பெரியம்மா என்ன படிப்பு, எந்தக் காலேஜ் என்று குடைந்ததில் மாட்டிக்கொண்டேன். கடைசியில் வேலை செய்தது இது: "பத்து மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் எனக்கு வேலை இருக்கு அத்தை, அதுக்கு மேல வாங்க." என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் வாசலில் எல்லார் கண் முன்னாலும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். ஆனாலும் மணிக்கணக்குச் சொல்லிவிட்டால் மதிக்கிறார்கள்.

9. வீட்டில் யார் செலவில் சும்மா இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

இதை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. நான் வந்த பிறகு அம்மாவுக்கு வேலை கூடியது. பதினொரு மணிக்கு ஒரு காப்பி, மத்தியானம் ஒரு பொரியல் கூடுதல், நாலு மணிக்கு ஏதாவது கொறிக்க. தனியாக இருந்தவரை காலையில் வைத்த குழம்பையே ராத்திரியும் ஊற்றிக்கொள்கிறவள். மகள் ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்று மூன்று வேளையும் அடுப்படியில் நின்றாள். மூன்று மாதம் நான் அதைக் கவனிக்கவே இல்லை, திண்ணையில் அவ்வளவு மும்முரம்.

கண் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குனியக் கூடாது என்றார். ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து. சமையலை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்த்து "கடுகு கருகுது" என்றாள். மூன்றாவது நாள் சத்தமே இல்லை. நான் மாத்திரையோடு வெளியே வந்தபோது, தெருவில் இரண்டு கோழிகள் ஒரு வாழையிலைக்குச் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, இதத்தான் நீ தெனமும் செய்யுதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்கு."

கண் சரியான பிறகும் அவளைப் பழையபடி விடவில்லை. இப்போது எங்கள் வீட்டில் சமையல் ஒரு வேளைதான், காலை எட்டு மணிக்குள். ராத்திரி மோர்ச் சோறு, ஊறுகாய். ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் பரோட்டா. ஆண்கள் யாராவது இதைப் படித்தால், வேலையை விட்டு வீட்டுக்கு வருவதற்கு முன் மனைவியோடு உட்கார்ந்து யார் எப்போது அடுப்படியில் நிற்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒரு வருஷம் சும்மா இருக்க இன்னொருவர் ஒரு வருஷம் ஓவர்டைம் பார்ப்பார்.

10. திரும்பும் தேதி

தொடங்கும்போதே திரும்பும் தேதியையும் குறித்துவிடுங்கள், தேதியோடு தொகையையும். வங்கி இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே போனால் வேலை தேடத் தொடங்குவது என்று வைத்திருந்தேன். பத்தாவது மாதம், குற்றாலச் சாரல் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தபோது அந்த நாள் வந்தது. இன்னும் இரண்டு மாதம் இழுக்கலாமே என்று தோன்றும். இழுக்காதீர்கள், கையில் காசில்லாமல் போகிற இண்டர்வியூவில் கிடைத்த சம்பளத்துக்குத் தலையாட்டுவீர்கள்.

பயோடேட்டாவில் இடைவெளியை மறைக்க வேண்டாம். இப்போது பின்னணி விசாரிக்கிறவர்கள் பி.எஃப் சர்வீஸ் விவரத்தைப் பார்க்கிறார்கள், எந்த மாதம் விட்டீர்கள் என்பது அதில் இருக்கிறது. ஃப்ரீலான்ஸ் செய்தேன் என்று அளந்தால் பில் எங்கே என்பார்கள். ரிலீவிங் லெட்டர் பத்திரமாக இருந்தால் ஒரு வருஷ இடைவெளி தலை போகிற காரியம் இல்லை. முழுநேர வேலைக்கே போக வேண்டும் என்றும் இல்லை. ஒப்பந்த வேலையாகக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் குறையும், பெரும்பாலும் பி.எஃப் இருக்காது, காப்பீடு உங்கள் சொந்தப் பாடு. அதைத்தான் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறீர்களே.

எனக்கு மூன்றாவது இண்டர்வியூவில் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள், வீட்டிலிருந்தே. வீடியோவில் எதிரே இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். "இந்த ஒரு வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சும்மா இருந்தேன் சார் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். டெஸ்டிங் பற்றி அரை மணி நேரம் கேட்டார். எல்லாம் முடிந்து கூட இருந்த ஹெச்ஆர் பெண் அழைப்பிலிருந்து போன பிறகு, அவர் மட்டும் போகவில்லை. மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா," என்றார். "அம்மா அப்பாவுக்கு இன்சூரன்ஸ் என்ன பண்ணீங்க?"